தார் வேட்டைக்குக் கிராம்ப்பான்: எதை வாங்குவது, எங்கே வைப்பது, எப்போது மாட்டுவது?

தெற்காற்று எழுதியது:

வணக்கம். ஜூன் மூன்றாவது வாரம் இரண்டு பேராக நியூசிலாந்தின் தெகாப்போ ஏரிக்கு மேலே மெக்காலே பள்ளத்தாக்கில் ஆண் தார் (இமயமலையிலிருந்து வந்த காட்டாடு) தேடிப் போகிறோம். நான்கு இரவு. ஹெலிகாப்டர் கிடையாது, வண்டியும் நடையும்தான். அனுமதிச் சீட்டு, துப்பாக்கி உரிமம், ஆறு கடப்பது இதெல்லாம் பழக்கம். பனிக்காலத்தில் மேலே ஏறியதில்லை. இதுவரை போனதெல்லாம் பிப்ரவரியிலும் ஏப்ரலிலும்தான்.

என்னிடம் இருப்பது தோல் வேட்டை பூட், ஐரோப்பிய அளவு 46. குதியில் ஒரு வரப்பு (வெளியே நீட்டிய விளிம்பு) இருக்கிறது, முனையில் இல்லை. கூட வருபவர் பூட் இன்னும் மெத்தென்று இருக்கும்.

கேள்விகள்: கிராம்ப்பானில் (பனியில் வழுக்காமலிருக்க பூட் அடியில் மாட்டும் பல் வைத்த உலோகச் சட்டம்) கடையில் வார் கட்டுவது, குதியில் நெம்பு உள்ளது, முன்னும் பின்னும் கம்பியும் நெம்பும் உள்ளது என்று மூன்று வகை காட்டினார்கள். எது? எடைக்காக அலுமினியம் வாங்கலாமா? மைக்ரோஸ்பைக் போதாதா? பையில் எங்கே வைத்தால் தூங்கும் மெத்தையையும் ரைபிள் ஸ்கோப்பையும் கிழிக்காமல் இருக்கும்? ரைபிளோடு பனியில் நடக்கும்போது தனியாகக் கவனிக்க வேண்டியது என்ன?

பனிக்கோடரி எழுதியது:

முதலில் பூட்டைப் பாருங்கள், கிராம்ப்பானைப் பிறகு பார்க்கலாம். பூட்டின் முனையை ஒரு கையிலும் குதியை இன்னொரு கையிலும் பிடித்து மடக்குங்கள். சுலபமாக வளைந்தால் அதில் கிராம்ப்பான் நிற்காது. நடக்கும்போது அடிப்பாகம் வளையும், இரும்பு வளையாது. ஒன்று கழன்று விழும், இல்லையென்றால் முன்பாதியையும் பின்பாதியையும் இணைக்கும் நடுப்பட்டை முறியும். பலம் போட்டால்தான் சற்று வளைகிறது என்றால் அது பி1 ரகம், சி1 கிராம்ப்பான் தாங்கும் (பி எண் பூட்டின் விறைப்பு, சி எண் அதற்குப் பொருந்தும் கிராம்ப்பான் வகை). கிட்டத்தட்ட வளையவே இல்லை, குதியில் கெட்டியான வரப்பும் இருக்கிறது என்றால் பி2, அதற்கு சி2 வரை போகலாம். உங்கள் நண்பரின் மெத்தென்ற பூட் பி0 ஆக இருந்தால் அவருக்குக் கிராம்ப்பான் வாங்குவது வீண். அந்தப் பணத்தில் பூட் மாற்றட்டும், அல்லது வாடகைக்கு எடுக்கட்டும்.

முனையில் கம்பி மாட்டும் வகை உங்களுக்கு ஆகாது, முனை வரப்பே இல்லை. மீதி இரண்டு. குதி நெம்பு வகையில் முன்னால் பிளாஸ்டிக் கூடு, பின்னால் நெம்பு. மாட்டுவது வேகம். ஆனால் வரப்பு இருக்கிறது என்பது மட்டும் போதாது, நெம்பின் உதடு அதில் முழுதாக உட்கார வேண்டும். பழைய தோல் பூட்டில் ரப்பர் தேய்ந்து வரப்பின் விளிம்பு உருண்டு போயிருக்கும். நேராக நடக்கும்வரை நெம்பு பிடித்துக்கொண்டிருக்கும், சரிவில் குறுக்கே போகும்போது பூட் முறுக்கியதும் கழன்றுவிடும். நெம்பை மூடும்போது கட்டைவிரலால் அழுத்தித் 'தக்' என்று மூட வேண்டும். விரல் பட்டதும் மூடினால் தளர்வு, குதியில் உள்ள திருகைச் சுற்றி இறுக்குங்கள். சந்தேகம் இருந்தால் முழுக்க வார் கட்டும் சி1 வாங்குங்கள். விறைத்த விரலோடு மாட்ட நேரம் பிடிக்கும், அதைத் தவிர அதில் குறை இல்லை. வேட்டை பூட்டுக்கு என் ஓட்டு வார் வகைக்குத்தான்.

இரும்பா அலுமினியமா என்றால், பனியாற்றின் மேல் மட்டுமே நடப்பவருக்கு அலுமினியம் சரி. தார் நிற்கும் நிலம் வேறு. ஐம்பது மீட்டர் உறைபனி, அப்புறம் பத்து மீட்டர் பாறை, அப்புறம் உறைந்த டஸக் புல் (கொத்துக் கொத்தாக வளரும் மலைப்புல்), சரளை, மறுபடி பனி. ஒவ்வொரு முறையும் கழற்றி மாட்ட யாரும் மாட்டார்கள், பாறைமேல் அப்படியே நடப்பார்கள். அலுமினியப் பல் ஒரே பயணத்தில் மழுங்கிவிடும். இரும்பில் 12 பல் கொண்ட ஜோடி 800 கிராமிலிருந்து ஒரு கிலோ வரை வரும். முன்பாதி இரும்பு, பின்பாதி அலுமினியம் என்று ஒரு கலப்பு ரகம் 550 கிராம் அளவில் இருக்கிறது, எடையைப் பார்த்து மயங்காதீர்கள். இறைச்சிச் சுமையோடு இறங்கும்போது எடை முழுவதும் குதியில்தான் விழும். அலுமினியம் இருப்பது அங்கே.

10 பல், 12 பல் எதுவானாலும் சரி. முன்பற்கள் படுக்கை வாட்டமாக, சப்பையாக இருக்க வேண்டும். செங்குத்தாக நிற்கும் முன்பல் உறைந்த அருவி ஏறுபவர்களுக்கானது.

மைக்ரோஸ்பைக்கில் சங்கிலியில் கோத்த பல் ஒரு சென்டிமீட்டர் அளவுதான். ஆற்றங்கரைப் பாதை, குடிசைக்கு முன்னால் உறைந்த கல், வண்டித்தடம் இவற்றுக்கு அருமை. சரிவில் குறுக்கே மிதித்தால் ரப்பர் பக்கவாட்டில் உருண்டு பூட்டை விட்டு நழுவும். வழுக்கினால் எழுந்து உட்கார்ந்துகொள்ளலாம் என்கிற இடத்தில் மட்டும் அது போதும்.

உங்கள் அளவு 46 என்பதால் ஒன்று கவனியுங்கள். பல மாடல்களில் பெட்டியோடு வரும் நடுப்பட்டை 45 வாக்கில் முடிந்துவிடும், நீளப் பட்டை தனியாக வாங்க வேண்டும். வாங்கும்போது வளையும் பட்டையாகக் கேளுங்கள். பி1 பூட்டில் விறைப்பான பட்டை போட்டால் முறிவது அதுதான்.

பூட்டைக் கடைக்கே கொண்டுபோய் அளவு பாருங்கள். வாரைக் கட்டாமல் பூட்டைத் தூக்கி உதறினால் கிராம்ப்பான் விழக்கூடாது. முன்பல் பூட் முனையைத் தாண்டி 2 முதல் 2.5 செமீ நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். குதியில் பின்பக்கம் இடைவெளி இருக்கக்கூடாது. பக்கிள் இரண்டும் வெளிப்பக்கம் வரவேண்டும், உள்பக்கம் வந்தால் இடது வலது மாறியிருக்கிறது. வார் மிச்சத்தை வெட்டுங்கள், ஆனால் 10 செமீ விடுங்கள். கையுறையோடு பிடித்து இழுக்க அவ்வளவாவது வேண்டும். அதைவிட நீளமாகத் தொங்கினால் எதிர்க் காலின் பல் அதன்மேல் ஏறும், தலைகுப்புற விழுவீர்கள்.

அடியில் பனி ஒட்டாமல் தடுக்கும் பிளாஸ்டிக் தகடு இல்லாத கிராம்ப்பானை வாங்கவே வேண்டாம். ஈரப்பனி பல்லுக்கு நடுவில் உருண்டையாகத் திரண்டால் பல் தரையைத் தொடாது, நீங்கள் பனிப்பந்தின் மேல் நிற்பீர்கள். தகடு இருந்தாலும் மத்தியான வெயிலில் திரளும். அந்தக் காலைத் தூக்கி, பூட்டின் பக்கத்தில் கோடரிக் காம்பால் ஒரு தட்டு. மோசமான பனியில் ஒவ்வொரு அடிக்கும் ஒரு தட்டு.

வீட்டிலேயே பத்து முறை மாட்டிக் கழற்றுங்கள், கையுறையோடு. பிறகு விளக்கை அணைத்துவிட்டுத் தலைவிளக்கு வெளிச்சத்தில் ஐந்து முறை. ஏன் இருட்டில் என்று கேட்பீர்கள், அதைக் கீழ்க்காற்று சொல்வார்.

கீழ்க்காற்று எழுதியது:

சொல்றேன். புதுசா வர்றவங்க கிராம்ப்பானை ஏறுறதுக்கான சாமான்னு நினைக்கிறாங்க. தார் வேட்டையில அது பெரும்பாலும் இறங்குறதுக்கான சாமான்.

ஜூன்ல என்ன நடக்குதுன்னு பாருங்க. நாம பூமியோட தென்பாதியில இருக்கோம், அதனால வடக்கு பார்த்த சரிவுலதான் வெயில். தாரும் அங்கேதான் இருக்கும், பாறைச் செங்குத்துகளுக்கு நடுவுல. நீங்களும் காலையில அந்த வெயில் சரிவுலயே ஏறுவீங்க, பனி இளகி இருக்கும், புல் தெரியும், வெறும் பூட்டே போதும்னு தோணும். கிராம்ப்பான் பையோட அடியில கிடக்கும். நடுப்பகல்ல தார் பாறையில படுத்திருக்கும், மத்தியானம் சாய்ஞ்சதும் மேய இறங்கும். நல்ல வாய்ப்பு கிடைக்கிறதே மூணு, நாலு மணிக்குத்தான். அஞ்சு மணி வாக்கில சூரியன் போயிடும், பள்ளத்தாக்குல நிழல் அதுக்கும் முன்னாடியே விழும். சுட்டு, போய்ச் சேர்ந்து, தோல் உரிச்சு, இறைச்சி பிரிச்சு முடிக்கறதுக்குள்ள ரெண்டு மணி நேரம். காலையில இளகி இருந்த அதே பனி இப்போ கண்ணாடி. இருட்டு, ரத்தம் தோய்ஞ்ச கை, முதுகுல இருபது கிலோ. கிராம்ப்பான் எங்கேன்னா இறைச்சிக்கு அடியில!

அதனால பையில வைக்கிற இடம் ஒண்ணுதான்: மேல்மூடி அறை, இல்லாட்டி வெளியில இருக்கற நீட்டுப் பை. வேற எதையும் எடுக்காம ஒரு கையால எடுக்க முடியணும். இறைச்சி ஏத்தின பிறகும் அது அங்கேயே இருக்கணும்.

வைக்கிற முறை: ரெண்டையும் பல்லுக்குப் பல் எதிரெதிரா பொருத்தி, வாரால சுத்திக் கட்டி, கெட்டியான துணிப்பையில போடுங்க. பல்லுக்கு மாட்டுற ரப்பர் மூடி விக்குது, சிலந்தி மாதிரி இருக்கும். ராத்திரியில அதைப் பிரிக்கறதுக்குள்ள விரல் விறைச்சுடும், எனக்குப் பிடிக்காது. ரெண்டு லிட்டர் பால் கேனை வெட்டி பல் பக்கம் மூடினாலே போதும். தூங்கும் மெத்தை, தண்ணிப் பை, உரிச்ச தோல் இது மூணும் அதோட தொடக்கூடாது. தோல்ல ஒரு பல் ஏறினா பாடம் பண்றவர் கையில அது ஓட்டையாத்தான் போகும். பைக்கு வெளியில வெறும் பல்லோட தொங்கவிடறது வேண்டவே வேண்டாம். முன்னாடி போறவர் சறுக்கினா பின்னாடி வர்றவர் முகத்துலதான் விழும்.

மாட்டற நேரம்: தேவைன்னு தெரியறப்போ நேரம் கடந்துடுச்சு. சரிவுக்கு முந்தின சமதளத்துல மாட்டுங்க. கண்ணுக்கு முன்னாடி நிழல் கோடு தெரியும், வெயில் பனி முடிஞ்சு நீலமா ஆரம்பிக்கும். அந்தக் கோட்டுக்கு இந்தப் பக்கமே நிக்கணும். சமதளம் இல்லைன்னா பனியை மிதிச்சு ரெண்டு கால் வைக்கிற அளவுக்கு மேடை பண்ணுங்க. கோடரியை ஊன்றுங்க, பையை அதுல மாட்டுங்க, அப்புறம்தான் குனியணும். கிராம்ப்பானைப் பல் கீழா பனியில வைச்சு, பூட் அடியில ஒட்டின பனியைத் தட்டிட்டு மேல ஏறி நில்லுங்க. நடுவுல பனி சிக்கினா அது கரைஞ்சதும் வார் தளரும். பத்து நிமிஷம் நடந்ததும் நின்னு மறுபடி இறுக்குங்க, இது எப்பவும் தேவைப்படும். மெத்துனு இருக்கற பூட்டுல ரொம்ப இறுக்கினா ரத்த ஓட்டம் நின்னு விரல் மரத்துடும், அதையும் பாருங்க.

இனி ரைபிள். தோள்ல தொங்கவிட்டுப் பனி மூடின சரிவுல நடக்காதீங்க. குனியற நேரம் அது முன்னால சுழன்று வரும், கை தானா அதைப் பிடிக்கப் போகும், கோடரி விட்டுப்போகும். பையோட பக்கத்துல ரெண்டு இடத்துல இறுக்கக் கட்டுங்க, ஸ்கோப் முதுகுப் பக்கம். சப்ரஸர் (சத்தம் குறைக்கிற குழாய்) போட்டிருந்தா கழற்றிப் பைக்குள்ள வைங்க, நீளம் குறையும். ரைபிளோட சுடும் அறையில தோட்டா இருக்கவே கூடாது. இந்த நாட்டோட துப்பாக்கி விதியில மூணாவது அதுதான்: சுடத் தயாரா இருக்கறப்போ மட்டும் அறையில ஏத்தணும். பனியில அது விதி மட்டுமில்ல, விழுந்தா குழாய் எந்தப் பக்கம் திரும்பும்னு உங்களுக்கே தெரியாது. குழாய் வாயில மின்சார டேப் ஒரு சுத்து ஒட்டுங்க. பனி அடைச்ச குழாயில சுட்டா குழாய் வெடிக்கும். விழுந்து எழுந்தா தோட்டா எல்லாம் எடுத்துட்டு, போல்ட்டைக் கழற்றி, பின்பக்கத்துல இருந்து குழாய்ல வெளிச்சம் தெரியுதான்னு பார்க்காம சுடாதீங்க. ஸ்கோப் அடி வாங்கியிருந்தா அன்னைக்கு வேட்டை முடிஞ்சதுன்னு வைச்சுக்குங்க.

இன்னொண்ணு, பலரும் விட்டுடறது. சுடறதுக்கு முன்னாடி பைனாகுலரைத் தார் மேலயிருந்து இறக்கி, அதுக்குக் கீழே என்ன இருக்குன்னு பாருங்க. உறைஞ்ச சரிவுல விழுந்த தார் அங்கேயே கிடக்காது. வழுக்கிக்கிட்டே போய்ப் பிளவுக்குள்ள (சரிவுல இறங்குற ஒடுக்கமான பள்ளம்) விழும், கொம்பு உடையும், இறைச்சி நசுங்கும், நீங்க போகவே முடியாத இடத்துல நிக்கும். திட்டு மாதிரி ஒரு இடத்துக்கு அது வர்றவரைக்கும் காத்திருங்க. வரலைன்னா சுடாதீங்க.

தெற்காற்று எழுதியது:

ரெண்டு பேருக்கும் ரொம்ப நன்றி. நிழல் கோடு விஷயம் நான் யோசிக்கவே இல்லை.

இரண்டு சந்தேகம். பாதத்தின் நடுவில் மட்டும் மாட்டும் நான்கு பல், ஆறு பல் ரகம் மலிவாகக் கிடைக்கிறது, டஸக் புல்லுக்கு அதுவே நல்லது என்று சிலர் சொல்கிறார்கள். அது சரியா? பனிக்கோடரி கட்டாயமா, அல்லது நடைக்கோல் இரண்டு போதுமா?

புல்வெளி எழுதியது:

ஆறு பல் ரகத்தை நான் ஆதரிப்பேன், ஆனால் ஓர் எல்லைக்குள். இங்கே உயரத்தில் வளரும் டஸக் புல் கீழ்நோக்கிப் படிந்து கிடக்கும். உறைபனி விழுந்த காலையில் அது ஓலைக்கூரை மாதிரி, மிதித்தால் கீழே தள்ளும். பனியே இல்லாத சரிவில் வழுக்கி அடிபடுவது இதனால்தான். அங்கே பாத நடுவில் ஆறு பல் இருந்தால் புல்லைத் தாண்டி உறைந்த மண்ணைப் பிடிக்கும். பாதத்தின் முனையும் குதியும் சும்மா இருப்பதால் பாறையில் நடக்கவும் வசதி. எடை பாதிக்கும் குறைவு. பனிக்கோட்டுக்குக் கீழேயே வேட்டையை முடித்துக்கொள்பவருக்கு இது போதும்.

பனிக்கோடரி எழுதியது:

புல்வெளி சொன்ன எல்லைக்குள் அது வேலை செய்யும். சிக்கல் என்னவென்றால் தாருக்கு அந்த எல்லை தெரியாது. காயம்பட்ட தார் மேலே போனால் நீங்களும் போவீர்கள். நடுவில் மட்டும் பல் இருந்தால் இறங்கும்போது முதலில் தரையைத் தொடுவது குதி. அங்கே பல் இல்லை. ஏறும்போது முதலில் தொடுவது முனை, அங்கேயும் இல்லை. பாதத்தை எப்போதும் முழுசாகப் பதித்தால்தான் பிடிக்கும், களைத்த காலுக்கு அது முடியாது. நான்கு பல் ரகத்தை நான் சரிவுக்கு ஒருபோதும் சொல்ல மாட்டேன். 12 பல் கிராம்ப்பானும் உறைந்த டஸக்கை அருமையாகப் பிடிக்கும், அதனால் இரண்டு ஜோடி சுமக்கவும் தேவையில்லை.

நடை பற்றிச் சுருக்கமாக. கால்களுக்கு நடுவில் ஒரு கையகலம் இடைவெளி விட்டு நடங்கள், கெய்ட்டர் (பூட்டுக்கு மேல் கட்டும் கால் உறை) இறுக்கமாக இருக்கட்டும், கால்சட்டை அதற்குள் போகட்டும். கிராம்ப்பானோடு விழுபவர்களில் நிறையப் பேர் தன் காலில் தானே மாட்டி விழுபவர்கள். சாதாரணச் சரிவில் எல்லாப் பல்லும் ஒரே நேரத்தில் பதிய வேண்டும், அதாவது கணுக்காலைச் சரிவுக்கு ஏற்ப வெளிப்பக்கம் சாய்க்க வேண்டும். பூட்டின் ஓரத்தால் வெட்டி நடக்கும் கோடைப் பழக்கம் இங்கே ஆபத்து, ஒரு வரிசைப் பல் மட்டும் பதியும், மற்றது காற்றில் இருக்கும். நேரே ஏறும்போது வாத்து நடை. இன்னும் செங்குத்தானால் ஒரு கால் தட்டையாக, மறு காலின் முன்பல் குத்தி. இரண்டு முன்பல்லிலும் ஏற வேண்டிய சரிவு வந்தால், பி1 பூட்டோடு அது உங்கள் இடம் இல்லை, கெண்டைக்கால் சில நிமிடத்தில் நடுங்க ஆரம்பிக்கும். வேறு வழி தேடுங்கள்.

இறங்கும்போது முழங்காலை மடக்கி, மூக்கு கால்விரலுக்கு மேலே வருமளவு முன்னால் சாயுங்கள். பயத்தில் உடம்பு பின்னால் சாயும், சுமையும் பின்னால் இழுக்கும், அப்போது குதிப்பல் மட்டும் கீறிக்கொண்டு கால் முன்னால் ஓடும். சரிவு அதைவிடச் செங்குத்து என்றால் வெட்கப்படாமல் மலையைப் பார்த்துத் திரும்பி, ஏணியில் இறங்குவதுபோல இறங்குங்கள். ஆண் தாருக்கு 70 கிலோவுக்கு மேல் எடை சாதாரணம், எலும்பு நீக்கிய இறைச்சியே 20 கிலோவைத் தாண்டும். குளிர்காலத் தோல், தலை, கூடாரம் எல்லாவற்றையும் ஒரே சுமையாகக் கட்டாதீர்கள். உறைபனியில் இரண்டு நடை போவது ஒரு நடையைவிட வேகம்.

வடதிசைப்பனி எழுதியது:

பிரிட்டிஷ் கொலம்பியாவில் மலை ஆட்டு வேட்டைக்கும் இதே சாமான்தான், ஆகவே கோடரிக் கேள்விக்கு நான் சொல்கிறேன். கிராம்ப்பான் மாட்டினால் கோடரி கையில் இருக்க வேண்டும். நடைக்கோல் சமநிலைக்கு மட்டும், வழுக்கினால் நிறுத்தாது. நேரான காம்பு, 55 முதல் 65 செமீ. நின்றபடி கையில் தொங்கவிட்டால் அடிமுனை கணுக்காலுக்குச் சற்று மேலே வருவது சரியான அளவு. எப்போதும் மேட்டுப் பக்கக் கையில். வளைந்து திரும்பும்போது முதலில் நிலையாக நில்லுங்கள், கோடரியைக் கை மாற்றுங்கள், பிறகு திரும்புங்கள்.

வழுக்கினால்: ஒரு கை கோடரித் தலையில், மறு கை காம்பின் அடியில், தலை தோள்பட்டைக்குப் பக்கத்தில். புரண்டு நெஞ்சால் அழுத்தி அலகைப் பனியில் புதைக்க வேண்டும். கிராம்ப்பான் காலில் இருக்கும்போது முழங்காலை மடக்கிக் கால்களைப் பனிக்கு மேலே தூக்கியே வைத்திருங்கள். வேகத்தில் ஒரு பல் மாட்டினால் கணுக்கால் முறியும், அல்லது உடம்பு குட்டிக்கரணம் அடித்துத் தலை கீழாகப் போகும். உறைந்த சரிவில் மழைக்கோட்டுத் துணி எண்ணெய் மாதிரி வழுக்கும், முதல் ஒன்றிரண்டு விநாடிக்குள் நிறுத்தாவிட்டால் பிறகு நிற்காது. கிராம்ப்பானோடு உட்கார்ந்து சறுக்கி இறங்குவதும் இதே காரணத்தால் கூடாது.

இதைப் படித்துக் கற்க முடியாது. கீழே சமதளமாக முடியும் மெதுவான சரிவில், கிராம்ப்பானைக் கழற்றி வைத்துவிட்டுப் பழகுங்கள். நியூசிலாந்து ஆல்பைன் கிளப்பின் கிளைகள் பனி நடைப் பயிற்சி நடத்துகின்றன, ஜூனுக்கு முன் இடம் கிடைத்தால் இருவருமே சேருங்கள்.

பனிச்சரிவைப் பற்றி, அதாவது மலைப்பனி பெயர்ந்து சரிவதைப் பற்றி, இங்கே யாரும் பேசவில்லை. கிராம்ப்பான் கடினப் பனியில் விழாமல் காக்கும், மலையே நகர்ந்தால் அது என்ன செய்யும்? பெரும்பாலான பனிச்சரிவு 30 முதல் 45 பாகைச் சரிவில் கிளம்புகிறது, நீங்கள் நடக்கப்போவது அதே சரிவுதான். அங்கே வடமேற்குப் புயல் அடித்தால் பனி தென்கிழக்கு முகத்தில் குவியும். புயலுக்கு அடுத்த நாள் அந்தப் பக்கப் பிளவில் கால் வைக்கக்கூடாது. வெயில் பக்கத்திலும் மத்தியானம் ஈரப்பனி சரியும், பாறை உருளும். புறப்படும் முன் நியூசிலாந்து பனிச்சரிவு எச்சரிக்கைத் தளத்தில் அந்தப் பகுதிக்கான நிலவரம் பாருங்கள். ஆளுக்கொரு டிரான்ஸீவர் (பனியில் புதைந்தவரைத் தேடும் ரேடியோ கருவி), மண்வாரி, துழாவுகோல். ஒருவரிடம் மட்டும் இருந்தால் பயனில்லை, அவர்தான் புதைந்து கிடப்பார். 406 மெகாஹெர்ட்ஸ் அவசர பீக்கன் (செயற்கைக்கோள் வழியாக உதவி கேட்கும் கருவி) பையில் வேண்டாம், உடம்பில் இருக்கட்டும்.

புல்வெளி எழுதியது:

பழுதுக்கான சாமானையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இரண்டு ரப்பர் ஸ்கி வார், இரண்டு மீட்டர் கயிறு, கொஞ்சம் கம்பி, நடுப்பட்டைக்கு உரிய உதிரித் திருகு, அதைத் திருப்பும் கருவி. நடுப்பட்டை முறிந்தால் முன்பாதியையும் பின்பாதியையும் தனித்தனியே ஸ்கி வாரால் பூட்டோடு இறுக்கினால் குடிசைவரை வரலாம். கிளம்பும் முன் எல்லாத் திருகையும் இறுக்கிப் பாருங்கள்.

மழுங்கிய பல்லைக் கை அரத்தால் மட்டும் தீட்டுங்கள். மின்சாரச் சாணைக்கல்லில் பிடித்தால் சூட்டில் இரும்பின் பதம் போய்விடும், முதல் பாறையிலேயே வளையும். பல்லின் மெல்லிய விளிம்புப் பக்கம் ராவ வேண்டும், சப்பை முகத்தைத் தேய்த்தால் பல் தகடாகிவிடும். ஊசி முனை தேவையில்லை, இந்த நிலத்தில் அது ஒரு மணி நேரம்கூட நிற்காது. வளைந்த பல்லை அடித்து நிமிர்த்தினால் அதை நம்பாதீர்கள், மாற்றுங்கள். வீடு திரும்பியதும் பையிலிருந்து எடுத்துக் காயவைக்காவிட்டால் துரு பிடிக்கும்.

ஒரு சின்னச் செய்தி, நம் ஆட்களுக்குப் பிடிக்கும் என்பதால். இந்த இமயத் தாரும் நம் நீலகிரி வரையாடும் 2005 வரை ஒரே பேரினத்தில் வைக்கப்பட்டிருந்தன. வரையாட்டைத் தொடவே முடியாது, தமிழ்நாட்டின் மாநில விலங்கு அது. இங்கே தார் 1904இல் ஆவோராக்கி மவுண்ட் குக் பக்கம் கொண்டுவந்து விடப்பட்டது. இம்மண்ணின் செடிகளைத் தின்று அழிப்பதால் 1993ஆம் ஆண்டுத் திட்டம் அதன் எண்ணிக்கைக்கு 10,000 என்று உச்சவரம்பு வைத்தது. சொல்ல வந்தது அதன் குளம்பு: ஓரம் கெட்டி, நடுவில் ரப்பர் போன்ற மெத்தை. அது குறுக்கே போன தடத்தைப் பார்த்து 'தார் போயிருக்கிறது, நாமும் போகலாம்' என்று வழி எடுக்காதீர்கள்.

தெற்காற்று எழுதியது:

திட்டத்தை மாற்றிவிட்டோம். இருவருக்கும் இரும்பு 12 பல், வார் வகை, எனக்கு நீள வளைபட்டை. நண்பர் பூட்டை வாடகைக்கு எடுக்கிறார். கோடரி 60 செமீ. மே மாதப் பயிற்சிக்குப் பெயர் கொடுத்திருக்கிறோம். நிழல் பக்கப் பிளவுகளைக் கடந்து போய்ச் சுடுவதென்றால் மூன்று மணிக்கு மேல் சுடுவதில்லை என்று வைத்திருக்கிறோம். சரியா?

கீழ்க்காற்று எழுதியது:

மூணு மணின்னு கடிகாரத்துல வைக்காதீங்க, திரும்பி வர எவ்வளவு ஆகும்னு கணக்குல வைங்க. போகும்போதே பிளவைக் கடக்க எத்தனை நிமிஷம் ஆச்சுன்னு பாருங்க. சுமையோட திரும்ப அதுபோல ரெண்டு மடங்கு, வெட்டிப் பிரிக்க ரெண்டு மணி நேரம். இதைக் கூட்டினா பிளவைக் கடந்து முடிக்கறது இருட்டுறதுக்கு முன்னாடின்னு வந்தா சுடுங்க. வரலைன்னா மறுநாள் அதே தார் அதே சரிவுல மேயறதுக்கு நல்ல வாய்ப்பு இருக்கு, சேர்க்கைக் காலத்துல ஆண் தார் பெட்டைக் கூட்டத்தை விட்டுச் சுலபமா போகாது.

போற வழியில பிளவோட ரெண்டு கரையிலயும் ஒவ்வொரு ஜிபிஎஸ் புள்ளி போட்டு வைங்க. தலைவிளக்கு வெளிச்சத்துல எல்லாப் பிளவும் ஒரே மாதிரி தெரியும். தலைவிளக்குக்கு மாத்து பேட்டரி சட்டையோட உள்பாக்கெட்ல, குளிர்ல சீக்கிரம் செத்துடும்.